மிதிவண்டிப் பந்தயம்: தேகமும் மனமும்

மிதிவண்டிப் பந்தயத் திறன் என்பது, பிராணவாயுவை உட்கொண்டு அதன் துணையால் சக்தியை உண்டாக்கும் தேக வல்லமையும், சிரமத்தைப் பொறுக்கும் மனோதிடமும் ஒருங்கே கூடிய பலனாகும்.

உதாரணமாக, கோபோலியிலிருந்து கண்டாலாவுக்கு ஏறும் போர் கணவாயே மும்பை–புனே மிதிவண்டிப் பந்தயத்தின் உண்மையான பரீட்சை. அங்கு முந்துபவர் ‘கணவாயின் அரசர்’ எனப் போற்றப்படுவார். சமவெளியில் முன்செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டியே மிதித்து, காற்றின் எதிர்ப்புக்குத் தப்பிச் சக்தியைச் சேமித்தவரும், ஏற்றத்தில் வேகம் குன்றிப் புவியீர்ப்பே பிரதான எதிரியாகும்போது, தம் எடையில் கிலோ ஒன்றுக்கு எத்தனை வாட் ஆற்றல் தருகிறார் என்ற கணக்குக்கு உட்பட்டே தீரவேண்டும். சட்டை முதுகில் வியர்வை உப்பாய் வெளுக்க, தசையில் சேமித்த எரிபொருளான கிளைக்கோஜன் தீர்ந்ததும் கால்கள் இரும்பாய்க் கனக்கும்.

தேகம் மட்டுமன்று, மனமும் களைப்புறும். 2009இல் ஆய்வாளர் சாமுவேலே மார்க்கோரா குழுவினர், 90 நிமிடம் மூளைக்குக் கடும் வேலை கொடுத்தபின் மிதித்தவர்கள், இருதயம் வழக்கம்போல் இயங்கியும் விரைவில் ஓய்ந்ததைக் கண்டனர். ஆகவே பந்தயத்துக்குமுன் கால்களைப் போலவே மனத்துக்கும் ஓய்வளித்தல் வீரரின் கடமையாகும்.