மருத்துவ மென்பொருளைச் சோதிக்கும் உரிமை யாருக்கு?

திறந்தமூல மென்பொருள் என்பது, தன் மூல நிரலை எவரும் படிக்கவும் சோதிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமம் வழங்கும் மென்பொருள். மருத்துவத் துறையில் இது நம் உடலைப் பற்றி முடிவு சொல்லும் கருவியைக் கேள்வி கேட்கும் உரிமையும் ஆகும்.

மதுரையே இதற்குச் சான்று. நீரிழிவால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பைப் படத்திலிருந்து கண்டறியும் செயற்கை நுண்ணறிவு குறித்த கூகுளின் ஆய்வு 2016 டிசம்பரில் வெளியானது. அதற்குப் பயிற்சியளித்த 1,28,175 படங்கள் அமெரிக்காவிலிருந்தும், அரவிந்த் உள்ளிட்ட மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்தும் பெறப்பட்டவை. 2019இல் அக்கருவி மதுரை அரவிந்தில் நடைமுறைக்கு வந்தது. கண் மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு இத்தகைய கருவி தேவையே. ஆனால் ஆய்வின் மூல நிரல் வெளியிடப்படவில்லை. பொதுவில் கிடைத்த படங்களைக் கொண்டு அதே முறையை மீண்டும் செய்துபார்த்த நார்வே ஆய்வாளர்களால் முதல் ஆய்வின் துல்லியத்தை எட்ட இயலவில்லை. குறை நிரலிலா, படங்களிலா என்று வெளியார் உறுதிசெய்ய வழியில்லை.

‘பாதிப்பில்லை’ என்று கருவி பிழையாகச் சொன்னால், வசதியுள்ளவர் வேறொரு மருத்துவரை நாடுவார். ஒரு நாள் கூலியை இழந்து உசிலம்பட்டியிலிருந்து வரும் தலித் தொழிலாளிக்கோ அந்த ஒரு பரிசோதனையே இறுதித் தீர்ப்பு.

இத்தகைய கருவியை அரசு மருத்துவமனை வாங்கினாலும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(டி) வணிக இரகசியம் எனக் காட்டி விவரங்களை மறுக்க இடமளிக்கிறது. பெரும் பொதுநலன் கருதி வெளியிடலாம் என்ற விதிவிலக்கு அதிலேயே உண்டு. நடைமுறையில் அதற்காக வாதாடும் சுமை மனுதாரர்மீது விழுகிறது.

நிரலைத் திறப்பது நோயாளியின் ஆவணத்தைத் திறப்பதன்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 புட்டசாமி தீர்ப்பு நிலைநாட்டியது. தாய்சேய் நலப் பதிவேட்டில் சாதிப் பிரிவும் பதியப்படும் நாட்டில், அத்தரவை மென்பொருள் யாருக்கு அனுப்புகிறது என்பதைச் சுதந்திரமாகச் சோதிக்க நிரல் திறந்திருக்க வேண்டும்.

மாற்று வழிகள் உள்ளன. நிறவெறி ஆட்சி இனவாரியாகப் பிரித்து வைத்திருந்த நலவாழ்வு நிர்வாகத்தை 1994க்குப் பின் ஒன்றிணைக்கும் பணியில் தென்னாப்பிரிக்காவில் பிறந்த டி.எச்.ஐ.எஸ். என்னும் திறந்தமூல மென்பொருள், இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பயன்படுகிறது. சத்தீஸ்கரின் கணியாரியில் ஏழைகளுக்கான ஜன் ஸ்வாஸ்திய சஹயோக் மருத்துவமனைக்காக உருவான ‘பாம்னி’யும் திறந்தமூலமே.

ஒன்றிய அரசின் 2015 கொள்கை மின்னாளுகையில் திறந்தமூலத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. மாநிலங்கள் விரும்பினால் ஏற்கலாம். தமிழ்நாடு அதை மருத்துவக் கொள்முதலில் கட்டாயமாக்க வேண்டும். பொதுப்பணத்தில் வாங்கும் மருத்துவ மென்பொருளின் நிரலும், அது எந்த மக்களிடம் சோதிக்கப்பட்டது என்ற அறிக்கையும் வெளியிடப்படுவதை ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனையாக்குவதே முதற்படி.