விரைவுச் சொற்களும் ஏற்காட்டு மலைவழியும்



சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே இரவு நேரத்தில் ஓர் இரயில் வண்டி ஓடுகின்றது. ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்பது அதன் பெயர். பெயரில் ஏற்காடு உண்டு. வண்டியோ ஏற்காட்டுக்குச் செல்வதில்லை. சேலம் சந்திப்பில் சிறிது நேரம் நின்று, மலையை ஒருபுறம் விட்டுவிட்டு, ஈரோட்டை நோக்கிப் போய்விடுகின்றது. ஏற்காட்டுக்குச் செல்வோர் சேலத்தில் இறங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்தில் மெல்ல மெல்ல ஏறவேண்டும். மெல்ல ஏற வேண்டிய ஊரின் பெயரோடு, விரைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று வந்து சேர்ந்திருக்கின்றது. இத்தகைய சொற்கள் நம் நாவில் குடியேறியது எவ்வாறு? அவை வருவதற்கு முன் நம்மிடம் இருந்த சொற்கள் யாவை? இவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

சேர்வராயன் மலையை ஆங்கிலேயர் செவராய் என்று வழங்கினர். அம்மலையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. இங்கு நெடுங்காலமாக வாழ்பவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். பெயர் இவ்வாறிருப்பினும் அவர்கள் பேசும் மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. அவர்களுடைய கால்கள் பதிந்து உண்டான ஒற்றையடிப் பாதைகளே இம்மலையின் பழைய வழிகள். 1820 முதல் 1829 வரை சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பலர் வந்து குடியேறினர். மோட்டார் ஓடாத அக்காலத்தில், குதிரைமீது அமர்ந்தோ, ஆட்கள் தோளில் சுமக்கும் டோலியில் ஏறியோ அவர்கள் மலைமேல் சென்றனர்.

குதிரையைப் பழகிய ஆங்கிலேயர், அதன் நடைக்கெனப் பல சொற்களை வைத்திருந்தனர். துள்ளுநடை ட்ராட், பாய்ந்தோடுவது காலப், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இளஓட்டம் கேன்ட்டர். இங்கிலாந்தில் கேன்டர்பரி என்னும் திருத்தலத்திற்குக் குதிரையில் சென்ற அடியார்கள், அவசரமின்றி இளஓட்டமாகச் சென்றனராம். அந்த ஊர்ப் பெயரே குறுகிக் கேன்ட்டர் ஆயிற்று. ஆனால் இச்சொற்கள் நம் பேச்சில் வேரூன்றவில்லை. நம்மிடம் நாலுகால் பாய்ச்சல் என்னும் அழகிய தொடர் முன்பே இருந்தது. குதிரையும் நமக்குப் புதிதன்று.

இரயில் வண்டியின் கதை வேறு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ஓடிற்று. 1860-களின் தொடக்கத்தில் அப்பாதை சேலம் வழியாக மேற்குக் கடற்கரைவரை நீண்டது. வண்டி புதிது, ஆகவே அதன் சொற்களும் அதனோடு வந்து இறங்கின. மெயில் என்ற சொல்லுக்கு முதற்பொருள் பை என்பதாகும். கடிதப் பையைக் குறித்த சொல் கடிதங்களைக் குறித்து, பின்பு அவற்றைச் சுமந்து செல்லும் வண்டிக்கு ஆயிற்று. தமிழ்நாட்டுப் பயணிக்கோ மெயில் என்றால் விரைவாகச் செல்லும் வண்டி என்பதே பொருள்! எக்ஸ்பிரஸ் என்பதும் முதலில் வேகத்தைக் குறித்ததன்று; ஒரு காரியத்திற்கெனத் தனியே ஏற்பட்டது என்பதே அதன் கருத்து. தனியே அனுப்பப்படுவது வழியில் தங்காது. ஆதலால் விரைவு அதற்குப் பொருளாயிற்று.

ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் பிற சொற்களும் இவ்வாறு பொருள் மாறியவையே. ஃபாஸ்ட் என்பதற்கு முதலில் உறுதியானது, அசையாதது என்று பொருள். குவிக் என்றால் உயிருள்ளது. ஸ்பீடு என்றால் வெற்றி, நல்வாழ்வு. அசையாமையைக் குறித்த சொல்லே இன்று ஓட்டத்தைக் குறிக்கின்றது என்றால், சொல்லின் வரலாறு எவ்வளவு வியப்புடையது!

இனி நம் மொழியைப் பார்ப்போம். தொல்காப்பியர் உரியியலில் கதழ்வு, துனைவு என்னும் சொற்களுக்கு விரைவு என்று பொருள் கூறினார். கடி என்னும் சொல்லின் பல பொருள்களுள்ளும் விரைவை வைத்தார். அதனினும் சிறந்தது ஒன்றுண்டு. இன்னும் உண்டு முடியாதவன், வாயிலில் நண்பன் அழைத்தவுடன், 'இதோ வந்துவிட்டேன்' என்கிறான். அவன் இன்னும் எழுந்திருக்கவே இல்லை! எனினும் அதனைப் பிழை என்று தள்ளாமல், விரைவின் காரணமாக எதிர்காலம் இறந்தகாலமாகச் சொல்லப்படலாம் என்று இலக்கணமே இடம் தந்தது. மனித உள்ளத்தின் அவசரத்தை இலக்கணம் உணர்ந்திருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மக்கள் வழக்கும் வளமுடையது. மலைச்சரிவில் பழகிய கால் சரசரவென்று இறங்கும். குழந்தை குடுகுடுவென்று ஓடும். வேலைக்குச் செல்பவன் விறுவிறுவென்று நடப்பான். தாகமுற்றவன் மடமடவென்று நீர் பருகுவான். கட்டடம் மளமளவென்று எழும். ஒவ்வொரு சொல்லும் விரைவை மட்டும் கூறுவதில்லை. விரைபவர் யார், எவ்வாறு விரைகின்றார் என்பதையும் காட்டுகின்றது.

இன்று நம் மாணவர் பலர் ஃபாஸ்டாக நட, ஃபாஸ்டாகச் சாப்பிடு, ஃபாஸ்டாக எழுது என்று எல்லாவற்றிற்கும் ஒரே சொல்லைக் கூறுகின்றனர். பிறமொழிச் சொல் வருவது குற்றமன்று. ஜல்தி என்னும் இந்துஸ்தானிச் சொல் நம் தெருவுக்கு வந்தது. இந்தியாவில் இருந்த ஆங்கிலச் சிப்பாய்களின் பேச்சிலும் புகுந்தது. கொடுப்பதும் கொள்வதும் மொழிகளுக்கு இயல்பே. ஆனால் வந்த ஒரு சொல்லுக்காக இருந்த பத்துச் சொற்களை இழப்பது வாணிகத்தில் முதலை இழப்பது போன்றதாகும். அவ்வாறு இழக்க வேண்டியதில்லை என்பதற்குச் சான்றுகளும் உள. இலங்கைத் தமிழர் எக்ஸ்பிரஸ் வண்டியைக் கடுகதி என்று அழைக்கின்றனர். 1986-இல் தொடங்கிய ஸ்பீடு போஸ்ட் தமிழில் விரைவு அஞ்சல் ஆயிற்று. நெடுந்தொலைவு செல்லும் அரசுப் பேருந்துகளின்மீது விரைவுப் போக்குவரத்து என்று எழுதப்பட்டிருப்பதை நாம் காண்கின்றோம்.

மலைச்சாலையில் ஒரு விதி உண்டு: ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். விரைந்து செல்லக்கூடிய வண்டியே அங்கு காத்து நிற்கின்றது. சொல்லிலும் இந்த நிதானம் நமக்கு வேண்டும். முதலில் நாவில் வரும் சொல்லைச் சொல்லிவிடாமல், பொருந்தும் சொல் எது என ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். ஆங்கிலச் சொற்களை வரலாறு அறிந்து கற்போம். தமிழ்ச் சொற்களை இடம் அறிந்து வழங்குவோம்.