மன்றோவின் படிவம் முதல் டாஷ்போர்டு வரை: பள்ளிப் பதிவேட்டை யார் வாசிக்கிறார்கள்?

1822 ஜூன் 25ஆம் நாளிட்ட குறிப்பொன்றில் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார். நிலம் அளக்கப்பட்டுவிட்டது, விளைச்சல் கணக்கிடப்பட்டுவிட்டது. ஆனால் மக்களின் கல்வி நிலையைப் பற்றி அரசிடம் எந்தப் பதிவும் இல்லை. இதைத் தொடர்ந்து வருவாய் வாரியத்தின் வழியாக மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு படிவம் சென்றது. பள்ளிகள் எத்தனை, மாணவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்தச் சாதிப் பிரிவினர், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்பவற்றுக்கு அதில் கட்டங்கள் இருந்தன. சில ஆட்சியர்கள் விடை அனுப்ப ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டனர். 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பில் இறுதித் தொகை இடம்பெற்றது: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள்.

அந்த அட்டவணை மாணவர்களை எண்ணியது. அவர்கள் என்ன கற்றார்கள் என்று கேட்க அதில் கட்டம் இல்லை. அதற்கான விடை, பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்ப்பெல் 1823 ஆகஸ்டில் எழுதிய நீண்ட அறிக்கையில் இருக்கிறது. தம் மாவட்டத்தில் 533 பள்ளிகள் இருப்பதாகக் கணக்குக் காட்டியபின் அவர் படிவத்தைத் தாண்டி எழுதினார். முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குக் கற்பிக்கும் முறையைப் பாராட்டினார். பழைய செய்யுள் நடையில் அமைந்த நூல்களைப் பிள்ளைகள் பொருள் விளங்காமல் ஒப்பிப்பதைக் குறைகூறினார். குடும்பங்கள் வறுமையுற்றதால், சிறிது வேலை செய்யும் வயது வந்தவுடன் பிள்ளைகள் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுவதையும் பதிவு செய்தார். 1983இல் தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டபின் எழுந்த விவாதங்களில் எண்களே பெரிதும் பேசப்பட்டன. வகுப்பறையைக் காட்டுவது கேம்ப்பெல்லின் உரைநடைதான்.

இந்தியப் பள்ளிக்கல்வியில் பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டையும் மின்னணு முறையில் நிர்வகிக்கும் அமைப்புகள் இன்று பரவிவருகின்றன. இதை முற்றிலும் புதியதொரு தொழில்நுட்ப நிகழ்வாகக் காண்பது வரலாற்றைச் சுருக்குவதாகும். கல்வியைப் பதிவாக்கி மேலே அனுப்பும் முயற்சிக்கு இங்கே இரு நூற்றாண்டு வயது. ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கத்தக்க கேள்வி ஒன்றே: பதிவை எழுதுபவர் யார், வாசிப்பவர் யார், வாசித்தபின் வகுப்பறைக்குத் திரும்பி வருவது என்ன?

1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கை மாகாணந்தோறும் கல்வித் துறையையும், உதவி மானியத்தையும், ஆய்வாளர் பதவியையும் உருவாக்கியது. அடுத்த பத்தாண்டுகளில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கேற்ற மானியம் என்னும் முறை வேரூன்றியது. இங்கிலாந்தில் ராபர்ட் லோ 1862இல் நடைமுறைப்படுத்திய திட்டத்தின் சாயலைக் கொண்டது இது. ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறியவர் எண்ணிக்கைக்கு ஏற்ப மானியம் கிடைக்கும். இம்முறையால் ஒரு நன்மையும் விளைந்தது. அதுவரை அரசுப் பணத்தின் நிழல்கூடப் படாத திண்ணைப் பள்ளிகள் பல மானியத்துக்கு உரியவையாயின. ஆனால் ஆய்வாளர் கேட்கும் வினாவே பாடத்திட்டம் ஆயிற்று. ஆசிரியரின் அடுத்த ஆண்டு உணவு மாணவரின் ஒரு நாள் விடையைச் சார்ந்திருந்தது. அத்தகைய நிலையில் அவர் மனப்பாடத்தை நாடியதில் வியப்பில்லை. இங்கிலாந்து 1890களில் இம்முறையைக் கைவிட்டது. கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானம் தேர்வுகளின் மிகையைக் கண்டித்தபின் இந்தியாவிலும் அது மறைந்தது.

ஓர் அளவுகோலைக் கொண்டு முடிவுகள் எடுக்கப்படும் அளவுக்கு, அந்த அளவுகோலைத் திரிக்கும் நெருக்கடியும் மிகும் என்று அமெரிக்கச் சமூக அறிவியலாளர் டொனால்டு கேம்ப்பெல் 1970களில் விதியாக வகுத்தார். பெல்லாரி ஆட்சியருக்கும் இவருக்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு தொடர்பில்லை. சென்னை மாகாணத்துத் திண்ணை ஆசிரியர்கள் இந்த விதியை ஒரு நூற்றாண்டு முன்னரே தம் வாழ்வில் அறிந்திருந்தனர்.

விடுதலைக்குப் பிந்தைய சீர்திருத்தச் சிந்தனை வேறொரு பதிவேட்டைக் கனவு கண்டது. ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1953இல் அளித்த அறிக்கை, ஒற்றைப் பொதுத்தேர்வின் ஆதிக்கத்தைக் குறைக்கவும், ஒவ்வொரு மாணவருக்கும் ஆண்டுதோறும் வளரும் திரள் பதிவேடு வைக்கவும் பரிந்துரைத்தது. பெஞ்சமின் புளூம் இந்தியா வந்து ஆலோசனை வழங்கிய காலத்தில், 1958இல், மத்தியத் தேர்வுப் பிரிவு தொடங்கப்பட்டது. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி குழு, மதிப்பீடு என்பது கற்றலோடு இணைந்து தொடரும் செயல் என்றது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டை வலியுறுத்தியது. இவை அனைத்திலும் பதிவேட்டின் முதல் வாசகர் ஆசிரியரே. ஆயினும் நெரிசலான வகுப்புகளும், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே எதிர்காலத்தை முடிவுசெய்யும் நிலையும் நீடித்தவரை, அந்தப் பதிவேடு பெரும்பாலும் பரிந்துரையாகவே நின்றது.

கணினி இந்தக் கதைக்குள் நுழைந்தது மதிப்பீட்டின் வழியாக அன்று, புள்ளிவிவரத்தின் வழியாக. 1994இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, எந்த ஊரில் பள்ளி இருக்கிறது, எதில் ஆசிரியர் இல்லை என்பதை அறிய நம்பத்தக்க, உடனடியான கணக்கு தேவைப்பட்டது. யுனிசெப் உதவியுடன், இன்று நீபா எனப்படும் தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனம் உருவாக்கிய டைஸ் என்னும் மாவட்டத் தகவல் அமைப்பு அத்தேவையை நிறைவேற்றியது. செப்டம்பர் 30ஆம் நாளின் நிலவரத்தைத் தலைமையாசிரியர் படிவத்தில் நிரப்புவார்; அது மாவட்டத்தில் கணினியில் ஏற்றப்படும். இதன் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. கழிப்பறை உண்டா, குடிநீர் உண்டா, ஓராசிரியர் பள்ளியா என்பதைப் பள்ளிவாரி அறிக்கை அட்டைகளின் வழியாக எவரும் காண முடிந்தது. பதிவு மேலே சென்றதோடு மக்களிடமும் திரும்பி வந்த அரிய தருணம் அது.

2012-13இல் தொடக்க, இடைநிலைக் கணக்குகள் யு-டைஸ் என்று ஒன்றிணைந்தன. 2018-19இல் அது யு-டைஸ் பிளஸ் என இணையவழிக்கு மாறியது. பெயர் மாற்றங்களைவிட முக்கியமானது 2022-23இல் நிகழ்ந்தது: பள்ளி என்ற அலகுக்குக் கீழே இறங்கி, ஒவ்வொரு மாணவரின் விவரமும் தனித்தனியே பதிவாகத் தொடங்கியது. பள்ளியின் கழிப்பறையைப் பற்றிய தகவல் பொதுச் சொத்து. ஒரு குழந்தையின் மதிப்பெண்ணை அப்படிக் கொள்ள முடியாது.

இதற்கிடையே வகுப்பறைக்குள் மற்றொரு சோதனை நடந்து முடிந்திருந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவில், குழந்தையின் புரிதலை முழுமையாகவும் தொடர்ச்சியாகவும் மதிப்பிட வேண்டும் என்றது. அதே ஆண்டு மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் இம்முறையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையுடன் இது வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண் பகுக்கப்பட்டது. கருத்து உயர்ந்தது. நடைமுறையில் ஆசிரியரின் மேசையில் பதிவேடுகள் பெருகின. ஒரு மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்று நின்று கவனிப்பதற்குரிய நேரம், கவனித்ததாக எழுதுவதற்குச் செலவாயிற்று. வளரறி மதிப்பீடு பல இடங்களில் சிறு சிறு தேர்வுகளின் தொடராகச் சுருங்கியது. மத்திய வாரியம் 2017இல் இம்முறையைக் கைவிட்டது. 2018இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அனைவருக்கும் கட்டாயமாயிற்று.

இந்தத் தோல்விக்கு இருவகை விளக்கம் கூறலாம். பதிவின் சுமையைக் கருவி குறைத்திருந்தால் முறை வென்றிருக்கும் என்பது ஒன்று. பதிவே நோக்கத்தை விழுங்கிவிட்டது என்பது மற்றொன்று. மின்னணு அமைப்புகள் முதல் விளக்கத்தின் மீது கட்டப்பட்டவை.

அவற்றின் கட்டமைப்பில் ஒரு நேர்த்தி உண்டு என்பதை மறுக்க இயலாது. 2017 பிப்ரவரியில் கல்வி உரிமை விதிகள் திருத்தப்பட்டு, வகுப்புவாரியான கற்றல் விளைவுகள் சட்டத் தகுதி பெற்றன. ஒவ்வொரு விளைவுக்கும் ஒரு குறியீடு. குறியீட்டோடு இணைந்த வினாக்கள். வினாவுக்கு மாணவர் பெற்ற மதிப்பெண். அதிலிருந்து மீண்டும் பாடப்பகுதிக்கு ஒரு வழி. பின்னக் கணக்கில் தவறிய மாணவருக்குப் பின்னத்தைப் பற்றிய காணொலியைக் காட்ட இந்தச் சங்கிலி போதும். 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய தீக்‌ஷா தளம், பாடநூலில் அச்சிட்ட கியூஆர் குறியீட்டின் வழியாக இச்சங்கிலியின் ஒரு முனையைக் குழந்தையின் கைக்குக் கொண்டுவந்தது. மறுமுனை காந்திநகரில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் பிரதமர் பார்வையிட்ட வித்யா சமீக்‌ஷா கேந்திரா, ஆண்டுக்கு 500 கோடிக்கும் மேற்பட்ட தரவுகளைத் திரட்டுவதாக அரசுச் செய்திக்குறிப்பு கூறியது. அம்மையத்தை விவரிக்க ‘கட்டளை, கட்டுப்பாட்டு மையம்’ என்ற தொடர் பயன்பட்டது. பின்னர் பிற மாநிலங்களும் இத்தகைய மையங்களை நிறுவ ஊக்குவிக்கப்பட்டன.

ஊர் விட்டு ஊர் பெயரும் தொழிலாளர் குடும்பத்துக் குழந்தையின் பதிவு அவளோடு செல்லும் என்றால் அது பெரிய நன்மை. மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் கல்வி அறுந்துபோன பிள்ளைகள் இந்நாட்டில் ஏராளம். ஆனால் அதே மதிப்பெண் குழந்தைக்கு உதவவும், ஆசிரியரை எடைபோடவும், மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்தவும் ஒருங்கே பயன்படும்போது, தேர்ச்சிக்கேற்ற மானியத்தின் பழைய நெருக்கடி புதிய வடிவில் திரும்புகிறது. திரையில் சிவப்பு நிறம் தோன்றாதிருக்க எளிய வழி கற்பித்தல் அன்று. தாளில் ஒருமுறையும் செயலியில் மறுமுறையும் பதிவிடும் ஆசிரியருக்கு, நேரமும் இல்லை. சிவப்பைப் பச்சையாக்காமல் இருக்கக் காரணமும் குறைவு.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியரோடு மாணவரும் சக மாணவரும் பங்கேற்கும் முழுமையான முன்னேற்ற அட்டையைப் பேசுகிறது. இது முதலியார் குழுவின் திரள் பதிவேட்டுக்கு நெருங்கிய உறவு. கூடவே 12 இலக்க அபார் எண், மாணவரின் கல்விப் பதிவுகளை வாழ்நாள் முழுதும் தொடர்ந்துவரும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பரில், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவைக் கோருகிறது. விதிவிலக்குகளுக்கும் அதில் இடமுண்டு. ஏழு வயதில் எழுதப்பட்ட ‘மெல்லக் கற்பவர்’ என்ற குறிப்பு பதினேழு வயதில் யார் கண்ணில் படும் என்ற கேள்விக்கு, அந்த விதிவிலக்குகளின் எல்லையிலேயே விடை இருக்கிறது.

ஆகவே இத்தகைய அமைப்பை ஏற்கும் பள்ளியும் மாநிலமும், மென்பொருளின் வசதிகளைப் பட்டியலிடுமுன் முடிவுசெய்ய வேண்டியவை சில. ஒரு விவரம் ஒரே முறைதான் பதிவிடப்படுமா? பதிவிட்டபின் எத்தனை நாளில், எந்த மொழியில் ஆசிரியருக்குப் பயனுள்ள விடை திரும்பும்? உதவிக்கென எடுத்த மதிப்பெண் தரவரிசைக்குப் பயன்படாமல் தடுப்பது யார்? எந்தக் குறிப்பு எந்த ஆண்டில் அழிக்கப்படும்?

மன்றோ தம் அட்டவணையைக் கொண்டு மாவட்டங்களிலும் தாலுகாக்களிலும் அரசுப் பள்ளிகள் அமைக்கத் திட்டமிட்டார். 1827 ஜூலையில் அவர் இறந்தார். சில ஆண்டுகளில் அத்திட்டமும் கைவிடப்பட்டது. எண்கள் சென்னைக்கும் இலண்டனுக்கும் பயணம் செய்து, ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அவை எடுக்கப்பட்ட 12,498 பள்ளிகளுக்கு எதுவும் திரும்பிச் செல்லவில்லை.