மூணு மணி நேர கேசட்: அறந்தாங்கிக்கு கேமரா வந்த கதை

"பட்ஜெட் கம்மி, எந்த கேம்கார்டர் வாங்கலாம்?" இந்தக் கேள்வி இப்போ திரும்பவும் வந்திருக்கு. பழைய ஹேண்டிகேம்ல எடுத்த மாதிரி கொஞ்சம் மங்கலா, கலர் ஒழுகின மாதிரி வீடியோ வேணும்னு சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் தேடிப் போறவங்க இருக்காங்க. ஆசைப்படுங்க, தப்பில்ல. ஆனா இதே கேள்வியை முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அறந்தாங்கி மாதிரி ஒரு ஊர்ல ஒரு ஸ்டுடியோக்காரர் கேட்டிருந்தா அவருக்கு என்ன பதில் கிடைச்சிருக்கும்? அந்தப் பதில்னால நம்ம வீட்டு பீரோக்கள்ல இன்னிக்கு என்ன மிஞ்சியிருக்கு? இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

அறந்தாங்கி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கு. 1974 வரைக்கும் தஞ்சாவூர் மாவட்டம். பக்கத்திலேயே ஆவுடையார்கோயில். கிழக்கே போனா மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல்னு கடற்கரை ஊர்கள். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருப்பாங்கன்னு சொல்றது வழக்கம். அதனால கேமரா கதையும் இங்கே கடையில் ஆரம்பிக்கல, சபுராளி பெட்டியில் ஆரம்பிக்குது.

ஒரு தலைமுறைக்கு முன்னாடி வரைக்கும் அந்தப் பெட்டி கப்பலில் வந்தது. ரேடியோ, டேப் ரெக்கார்டர், கைலி, தைலம், எல்லாம். தமிழ்நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு அந்தப் பயணிகள் கப்பல் காலமும் முடிந்தது. அதே 1985-ல்தான் சோனி நிறுவனம் தன்னோட முதல் 'வீடியோ 8' கேமராக்களை விற்க ஆரம்பிச்சது. அதனால டேப் ரெக்கார்டர் கப்பல்ல வந்த பொருள், கேம்கார்டர் பிளேன்ல வந்த பொருள். இந்த வித்தியாசம் எனக்குப் பிடிச்சிருக்கு.

ஆனா கேமரா வர்றதுக்கு முன்னாடியே இன்னொண்ணு ஊருக்குள்ள வந்து உட்கார்ந்திருந்தது. டெக். வி.சி.ஆர்.னு யாரும் சொன்னதில்ல, டெக்குதான். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவுக்கு கலர் டிவி வந்தது. அதுக்குப் பின்னாடியே டெக்கும் பரவுச்சு. டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ராத்திரி முழுக்க மூணு படம் போட்டு, தெருவே வந்து பார்த்த காலம். வாடகைக்கு ஓடின கேசட்டெல்லாம் வி.எச்.எஸ். 1976-ல் ஜப்பானின் ஜே.வி.சி. கொண்டுவந்த வடிவம் அது. ஒரு வருஷம் முன்னாடியே வந்த சோனியின் பீட்டாமேக்ஸ் அதுக்குப் போட்டி. அந்தச் சண்டையில் யார் ஜெயிச்சாங்கன்னு உலகத்துக்கே தெரியும்.

இப்ப அந்த ஸ்டுடியோக்காரர் இடத்தில் நின்னு பாருங்க. அதுவரைக்கும் ஸ்டில் போட்டோ மட்டும் எடுத்தவர். "வீடியோ உண்டா?"ன்னு கல்யாண வீட்டில் கேட்கிறாங்க. கையில் இருக்கிற பணத்துக்கு ஒரே ஒரு கேமராதான். எதை வாங்குவார்?

1983-ல் வந்த சோனியின் பீட்டாமூவி ரெக்கார்டர் உள்ளேயே இருந்த கேமரா. ஆனா பதிவு மட்டும்தான் பண்ணும், எடுத்ததை அதிலேயே போட்டுப் பார்க்க முடியாது. போதாக்குறைக்கு கேசட் பீட்டா. 1984-ல் ஜே.வி.சி. கொண்டுவந்த ஜி.ஆர்.-சி1 அழகான சின்ன கேமரா. 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் கையில் சிவப்பா ஒண்ணு இருக்குமே, அதுதான். அதுக்குள்ள போறது வி.எச்.எஸ்.-சி, அதாவது குட்டி கேசட். ஒரு அடாப்டர் கூட்டுக்குள் வெச்சு வீட்டு டெக்கில் போடலாம். ஆனா முழுசா ஓடினாலும் அரை மணி நேரம், கொஞ்சம் கூடுதல்னா முக்கால் மணி நேரம். சோனியின் வீடியோ 8 கேசட் ஆடியோ கேசட் அளவுதான், ஆனாலும் ஒன்றரை மணி நேரம் ஓடும். படமும் வி.எச்.எஸ்.ஸை விட மோசமில்ல. ஆனா அது வீட்டு டெக்கில் போகவே போகாது.

காகிதத்தில் பார்த்தா சின்ன கேமராக்கள்தான் புத்திசாலித்தனமான தேர்வு. லேசானது, விலையும் சில சமயம் குறைவு. ஆனா நம்ம ஊர்கள்ல கல்யாண வீடியோவில் ஜெயிச்சது தோளில் தூக்கி வைக்கிற பெரிய கேமரா. நேஷனல் பானாசோனிக். எம் 3000, எம் 3500, எம் 9000. அந்தக் கால வீடியோகிராஃபர் யார்கிட்ட வேணா கேளுங்க, மாடல் நம்பரை பைக் பேர் சொல்ற மாதிரி சொல்வாங்க.

ஏன்னு கேட்டா, முதல்ல கேசட். பெரிய வி.எச்.எஸ். கேசட்ல 'ஈ-180'னு போட்டிருக்கும். நூத்தி எண்பது நிமிஷம். மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், பந்தி, மொய், எல்லாத்தையும் மூணு மணி நேரத்துக்குள்ள அடக்கிடலாம். அரை மணி நேர கேசட்டை வெச்சுக்கிட்டு, ஐயர் மாங்கல்யத்தை எடுக்கிற நேரத்தில் "ஒரு நிமிஷம் இருங்க, கேசட் மாத்தணும்"னு சொல்ல முடியுமா? மண்டபமே திரும்பிப் பார்க்கும். அப்புறம், அதே கேசட் அதே வடிவத்தில் கல்யாண வீட்டு டெக்கில் ஓடணும். வீட்டில் டெக் இல்லையா, வாடகை டெக்கில் ஓடணும். வாடிக்கையாளர் வீட்டில் என்ன மெஷின் இருக்கோ அதுதான் கேமராவை முடிவு பண்ணுச்சு.

பேட்டரியும் ஒரு காரணம். இந்தப் பெரிய கேமராக்களில் பலதுக்கு 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி. கனம்தான், ஆனா உள்ளூர் மெக்கானிக்குக்குப் புரியற பொருள். தேவைப்பட்டா கார் பேட்டரியிலிருந்தும் ஓட்டலாம். கரண்ட் எப்போ போகும்னு தெரியாத ஊர்ல இது சின்ன விஷயமில்ல. அப்புறம், சொன்னா சிரிப்பீங்க, சைஸ். கைக்குள் அடங்கிற கேமராவுக்கு யாரும் காசு கொடுக்க மாட்டாங்க. தோளில் பெரிசா இருந்தாத்தான் 'வீடியோக்காரர் வந்துட்டார்'. பக்கத்தில் ஹாலோஜன் லைட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு பையன், அவன் பின்னாடி ஒயரைச் சுருட்டிக்கிட்டு இன்னொருத்தன். பட்ஜெட்ல இந்த ரெண்டு சம்பளமும் சேரும், கேமரா விலையில் அது எழுதியிருக்காது.

இப்போ எங்கே வாங்குறது? இன்னொரு கண்ணி இங்கே. இந்தியா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் 'பால்' முறை: 625 வரி, நொடிக்கு 25 ஃப்ரேம். அமெரிக்காவும் ஜப்பானும் 'என்.டி.எஸ்.சி.': 525 வரி, நொடிக்கு கிட்டத்தட்ட 30. அமெரிக்காவில் இருக்கிற மாமா பாசமா ஒரு கேமரா அனுப்பினா, அதில் எடுத்த கேசட் நம்ம ஊர் டெக்கில் ஒழுங்கா ஓடாது. சிங்கப்பூர்ல இருக்கிற மச்சான் சிம் லிம் டவர்லயோ சிராங்கூன் ரோட்டுக் கடையிலயோ வாங்கி வந்தா ஓடும். அறந்தாங்கிப் பக்கத்துக்கு இது தானா அமைஞ்ச அதிர்ஷ்டம். போன நாடு சரியான நாடா இருந்தது.

ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் ஒரு தனி அத்தியாயம். பயணிகள் பேக்கேஜ் விதிகளில் டிவி, ஏ.சி., பெரிய ஃப்ரிட்ஜ் வரிசையில் வீடியோ கேமரா தனியா பேர் சொல்லி எழுதப்பட்ட பொருள். 1998 விதிகளில்கூட அப்படித்தான். சிங்கப்பூர் விலை ஒண்ணு, வரி கட்டி வெளியே வந்த விலை வேற. அது வேண்டாம்னா சென்னை பர்மா பஜார்.

மூலதனத்துக்கு பேங்க் மட்டும்தான் வழின்னு நினைக்காதீங்க. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, அறந்தாங்கி வட்டாரத்துக்கு மொய் விருந்து பேர் போனது. ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, கறி விருந்து வெச்சு, மொய் நோட்டில் வரவு எழுதி, ஒரே நாளில் முதல் திரட்டிடுவாங்க. அந்தப் பணம் தொழிலுக்குப் போகும், படிப்புக்குப் போகும், கடனுக்குப் போகும். இந்த மொய் நோட்டை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

சரி, கேமரா வாங்கியாச்சு. அதுக்கு மேல விலை குறைக்க முடியாது. அப்போ மிச்சம் பிடிக்கிறது எங்கே? கேசட்ல. எனக்கு இந்தக் கதையோட மையமே இதுதான்.

கேமராவில் எடுத்த கேசட்டை அப்படியே யாரும் கொடுக்க மாட்டாங்க. 'மிக்சிங்' போகணும். ரெண்டு டெக், நடுவில் ஒரு மிக்சர். பானாசோனிக்கின் எம்.எக்ஸ். 50 கிடைச்சா ராஜா. பொண்ணு மாப்பிள்ளை முகம் இதய வடிவத்துக்குள் சுத்தி வரும், தாமரை விரியும், பின்னாடி இளையராஜா பாட்டு ஓடும். இப்படி ஒரு கேசட்டிலிருந்து இன்னொண்ணுக்குப் போகும்போது படம் ஒரு படி கெடும். வி.எச்.எஸ்.ஸே சுமார் 240 வரித் தெளிவுதான். அதில் ஒரு காப்பி எடுத்தா முகம் மெழுகு மாதிரி ஆகிடும். வீட்டுக்கு வந்தது அந்தக் காப்பி. ஒரிஜினல்? அடுத்த முகூர்த்தத்துக்கு அதே கேசட். மேலேயே பதிவு. தை மாசத்துக் கல்யாணத்தை மாசி மாசத்துக் கல்யாணம் அழிச்சுது.

இதுக்கு ஸ்டுடியோக்காரரைத் திட்டத் தோணும். எனக்குத் தோணல. சீசன்ல வாரத்துக்கு நாலு கல்யாணம், ஒவ்வொண்ணுக்கும் புதுக் கேசட்னா அவர் கேமரா கடனை எப்போ அடைப்பார்?

1995-ல் டிஜிட்டல் வந்தது. சின்ன கேசட்டுக்குப் பேர் மினி-டீவீ. டெலிவிஷன் இல்ல, டிஜிட்டல் வீடியோ. சரியா எழுதினா தமிழ்ல ரெண்டும் 'டிவி'தான், அதான் நீட்டி எழுதறோம். 2000-ல் சோனி பி.டி. 150, அப்புறம் பி.டி. 170. பட்ஜெட் பத்தாதவங்களுக்கு பானாசோனிக் எம்.டி. 9000, எம்.டி. 10000. உள்ளே இருக்கிறது கட்டைவிரல் நீள கேசட், ஆனா வெளிக்கூடு தோளில் வைக்கிற சைஸ். பழைய எம் 9000 பேரையே நீட்டின மாதிரி. நான் முன்னாடி சொன்னேனே, சைஸுக்குக் காசு உண்டுன்னு. கம்பெனிக்கே அது தெரிஞ்சிருக்கு.

படம் வி.எச்.எஸ்.ஸை விட ரெண்டு மடங்கு தெளிவு. காப்பி எடுத்தாலும் கெடாது. அப்போ வீட்டுக்கு நல்ல பொருள் வந்திருக்கணும் இல்ல? வந்தது வி.சி.டி. 352க்கு 288 புள்ளி, அவ்வளவுதான். ஒரு தட்டில் எழுபத்தஞ்சு, எண்பது நிமிஷம். மூணு மணி நேரக் கல்யாணம் மூணு தட்டு. ஆட்கள் கொஞ்சம் வேகமா நடந்தாலே முகம் கட்டம் கட்டமா உடையும். அந்தத் தெளிவான மினி-டீவீ கேசட்? மறுபடி அடுத்த கல்யாணத்துக்கு. கேமரா ஏறுச்சு, வீட்டுக்கு வந்த நினைவு ஏறல. டி.வி.டி. வந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறுச்சு.

டி.எஸ்.எல்.ஆர். காலத்தை வேகமா கடந்துடலாம். 2008-ல் கேனான் 5டி மார்க் 2 வந்து எல்லாரையும் சினிமாக்காரர் ஆக்குச்சு. ஒரு ஷாட் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல போகாது. மூணு மணி நேரம் நிறுத்தாம எடுத்தவங்களுக்கு அது புது வாழ்க்கை. பந்தி வரிசை முழுக்க மெதுவா கேமரா போற பழக்கம் அதோடு போச்சு.

அந்தப் பந்தி ஷாட்தான் எனக்கு முக்கியம். போஸ் கொடுக்கிற போட்டோவில் நம்ம அப்பத்தாக்கள் சிலை மாதிரி நிப்பாங்க. பந்தியில் கேமரா வரும்போதுதான் லைட் கண்ணைக் கூச, சோத்தில் வெச்ச கையை அப்படியே நிறுத்தி, பக்கத்து இலைக்காரிகிட்ட ஏதோ சொல்லிச் சிரிப்பாங்க. பல குடும்பங்களில் அந்த ஆளோட அசையும் உருவம் உலகத்திலேயே அந்த நாலு நொடிதான். மொய் நோட்டைத் திறந்தா 1989-ல் யார் எவ்வளவு எழுதினாங்கன்னு இன்னிக்கும் படிக்கலாம். காகிதமும் மையும். அதே கல்யாணத்தோட கேசட் பீரோவில் இருக்கு, ஆனா போட்டுப் பார்க்க மெஷின் இல்ல. கடைசியா வி.சி.ஆர். தயாரிச்சுக்கிட்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திட்டது. காந்த நாடாவில் இருக்கிறதைக் காப்பாத்த 2025தான் கெடுன்னு ஆஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் எச்சரிச்சது. அந்த வருஷம் வந்தாச்சு.

அதனால இப்போ பழைய கேம்கார்டர் தேடிப் போறவங்களுக்கு என் யோசனை அந்த ஸ்டுடியோக்காரர் பண்ணதுதான்: முதல்ல வீட்டில் என்ன கேசட் இருக்குன்னு பாருங்க. ஊருக்குப் போகும்போது பீரோ மேல் தட்டைத் துழாவுங்க. பெரிய கேசட்னா கேமராவில் காசு போடாதீங்க, ஓடுற டெக் ஒண்ணைத் தேடுங்க. மினி-டீவீன்னா, கேசட் சிக்காம ஓடுதான்னு கடையிலேயே போட்டுப் பார்த்து, ஃபயர்வயர் போர்ட் இருக்கான்னு கவனிங்க. இன்னிக்கு லேப்டாப்ல அந்தத் துளை இல்ல, அதுக்கு அடாப்டரோ ஒரு பழைய கம்ப்யூட்டரோ வேணும். வீடியோ 8 கேசட்னா, 1999-லிருந்து சோனி விற்ற டிஜிட்டல் 8 கேமராக்களில் சில மாடல்கள் பழைய வீடியோ 8-ஐயும் ஓட்டும். ஃபயர்வயர் வழியா டிஜிட்டலாவும் கொடுக்கும். எல்லா மாடலும் இல்ல, கேட்டு வாங்குங்க. அதே கேமராவில் உங்களுக்குப் பிடிச்ச மங்கல் வீடியோவும் எடுத்துக்கலாம்.

கேசட்டை வெளிச்சத்தில் காட்டி, கண்ணாடி வழியா நாடாச் சுருளைப் பாருங்க. வெள்ளையா பவுடர் மாதிரி தெரிஞ்சா பூஞ்சை. கடற்காத்து ஊர்ல அது சாதாரணம். ஆசையில் உடனே டெக்கில் தள்ளிடாதீங்க, ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தம் பண்ணி மாத்திக் கொடுக்கத் தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க. மாத்தி வாங்கினதும் ரெண்டு இடத்தில் வைங்க. அந்தப் பழைய கேசட்டைத் தூக்கிப் போடாதீங்க.