பத்துப் பெண்கள், ஒரே முகம்

புகைப்படக் கலை என்றாலே நமக்கு ஞாபகம் வருவது சூரிய அஸ்தமனம், சுருக்கம் விழுந்த பாட்டி முகம், இல்லாவிட்டால் ஒரு புலி. காமிராவை வைத்துக்கொண்டு வேஷம் கட்டி விளையாடுகிற கலைஞர்களும் இருக்கிறார்கள். நம் பக்கத்து ஆள் ஒருவரைச் சொல்கிறேன்: புஷ்பமாலா.

பெங்களூர்க்காரர், 1956இல் பிறந்தவர். பரோடாவில் படித்தது சிற்பம். 1990களின் நடுவில் தானே காமிரா முன்னால் போய் நின்றார். 'ஃபேன்டம் லேடி' (1996–98) பம்பாயில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படக்கதை. முகமூடி வீராங்கனையும் அவரே, அவளுடைய இரட்டைச் சகோதரியும் அவரே! 1935இல் 'ஹண்டர்வாலி'யில் சாட்டை சுழற்றிய நாடியாவுக்கு ஒரு கும்பிடு அது. பிறகு நவரசம் செய்தபோது, பழைய ஹிந்தி நட்சத்திரங்களைப் படமெடுத்த ஜே.எச். தக்கரையே தேடிப் போய் எடுக்கச் சொன்னார்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது, க்ளேர் அர்னி என்ற பெங்களூர் புகைப்படக்காரரோடு சேர்ந்து 2000–2004இல் அவர் செய்த 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா'. இதற்குக் கொஞ்சம் சரித்திரம் தெரிய வேண்டும்.

1857 கலகத்துக்குப் பிறகு, ஆளப்படுகிற ஜனங்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ள வெள்ளைக்காரனுக்கு அவசரம். 1868 முதல் 1875 வரை 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' எட்டுத் தொகுதிகளாக வந்தது. ஒரு ஜாதிக்கு, ஒரு கூட்டத்துக்கு மாதிரியாக ஓரிருவரை நிறுத்திப் படம். பக்கத்தில் அந்தக் கூட்டமே நம்பத் தகுந்ததா, முரடா என்று ஒரு குறிப்பு. 1869இல் லாம்ப்ரே என்பவர் மரச் சட்டத்தில் பட்டு நூலால் இரண்டு அங்குலக் கட்டங்கள் கட்டினார். அதன் முன் ஆளை நிறுத்தினால் உடம்பை அளந்துவிடலாம். பெயர் வேண்டாம், அளவு போதும்.

புஷ்பமாலா இந்த விளையாட்டைத் திருப்பி ஆடுகிறார். ரவிவர்மாவின் நிலவொளிப் பெண், காலண்டர் லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, 2001இல் பத்திரிகையில் வந்த குற்றவாளிப் பெண்... எல்லாம் அவரே. தெய்வத்துக்கும் கைதிக்கும் ஒரே முகம். கட்டம் போட்ட திரை முன் தோடர் பெண்ணாகவும் நிற்கிறார். 'வகை' என்பதே உடையும் திரையும் சேர்ந்து செய்கிற ஜோடனை என்று சிரிக்கச் சிரிக்கப் புரிந்துவிடுகிறது. வேஷம் போடுகிற பின்கட்டுக் காட்சிகளையும் அவர் மறைக்கவில்லை.

தோடர் படத்தில் மட்டும் எனக்கு ஒரு நெருடல். அன்று அளக்கப்பட்ட பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. இன்று அவள் வேஷத்தைப் போடுகிறவரும் நகரத்துக்காரர். நீலகிரியில் இன்றும் தோடர் பெண்கள் கறுப்பும் சிவப்புமாகப் பூத்தையல் போடுகிறார்கள். காமிரா அவர்கள் கையில் இருந்தால் யாராக வேஷம் போடுவார்கள்?

தில்லியில் இருபது வருஷமாக 'மதராஸி' என்ற வகைக்குள் நிற்கிற நமக்கு இதெல்லாம் சும்மா கலை விஷயம் இல்லை. நாமும் பக்கத்து வீட்டுக்காரரை 'பஞ்சாபி' என்று அளந்தவர்கள்தானே!

படங்களைப் பார்த்த என் பெண் உடனே ஒரு காட்சி அமைத்துவிட்டாள்: லுங்கி, நெற்றி நிறைய விபூதி, கையில் இட்லித் தட்டு, பின்னால் கட்டம் போட்ட பெட்ஷீட்.

"அப்பா, உங்களுக்கு என்ன நம்பர் போடட்டும்?" என்றாள்.