குளத்து மீன் யாருக்குச் சொந்தம்?

கூடலூர் ஒட்டான்குளத்தைப் பற்றிப் பேசினால் பென்னிகுயிக்கின் பெயர் தானாக வந்துவிடும். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகு, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலமாக நிலைத்தது. அணை கட்டும்போது காட்டுக் காய்ச்சலிலும் விபத்திலும் நூற்றுக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்களுக்குச் சிலை இல்லை. குளங்களின் வரலாறும் இப்படித்தான் எழுதப்படுகிறது. வெட்டிய மன்னன் கல்வெட்டில் இருப்பான். மண் சுமந்தவர் இருக்கமாட்டார்.

தென் மாவட்டங்களின் பல ஊர்களில் மடை திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சியவர்கள் நம் மக்கள். நீர்க்கட்டி, மடையர், நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். வெள்ளம் வந்த இரவில் உயிரைப் பணயம் வைத்து மடைக்குள் முங்கியவர்களும் அவர்கள்தான். ஆனால் அதே தண்ணீரைத் தொட்டுக் குடிக்க உரிமை இல்லை என்றது சாதி.

1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உண்டு என்றது. தீர்மானம் வந்ததும் குளம் திறந்துவிடவில்லை. மகாடு நகராட்சியும் அதே 1924இல் சௌதார் குளத்தைப் பொதுவென்று அறிவித்திருந்தது. அப்படியும் 1927 மார்ச் 20இல் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய்க் கையில் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. திரும்பியவர்களை அடித்தார்கள். வழக்கு முடிய 1937 ஆனது. பிறகு அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு குளத்தையும் படித்துறையையும் பெயர் சொல்லியே எழுதியது.

தண்ணீருக்கு அடுத்தது மீன். மேலூர், சிங்கம்புணரிப் பக்கம் அறுவடை முடிந்து கண்மாய் வற்றியதும், பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊரே இறங்கும். விரால், கெளுத்தி, கெண்டை, பிடித்தவருக்குப் பிடித்தது சொந்தம். காசு கொடுத்து மீன் வாங்க முடியாத வீட்டிலும் அன்று குழம்பு கொதிக்கும்.

குத்தகை வந்ததும் இது மாறுகிறது. மீன்பாசி ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சுகளை விடுகிறார்; கரையில் காவல் போடுகிறார். அதன் பிறகு தூண்டில் போடும் பிள்ளை திருடன் ஆகிறான். ஏலத்தில் யாரும் கேட்கலாம் என்பது விதி. முன்பணம் கட்டக் கையில் காசும், ஊர்க்கூட்டத்தில் எதிர்த்துக் கேட்கத் துணிவும் உள்ளவர் யார் என்பதை விதி கேட்பதில்லை. பூட்டு தண்ணீரில் இருந்து ஏலத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

தோழர்களே, உங்கள் ஊர்க் குளத்தை வைத்து ஒரு வேலை செய்யுங்கள். கடந்த பத்து ஆண்டு மீன்பாசி ஏல விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஏலம் எங்கே அறிவித்தார்கள், யார் கேட்டார்கள், யார் எடுத்தார்கள், அந்தப் பணம் எந்தத் தெருவுக்குச் செலவானது என்று பாருங்கள். மடை திறந்த தாத்தாக்கள் இன்னும் உயிரோடு இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதை எழுதுங்கள். நம் குளத்தின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.