குரலை எட்டச் செய்தவர்கள்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் செல்லும் சாலையின் இருமருங்கும் கரிசல் நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கிறது. மலை மறைப்போ அடர்ந்த தோப்போ இல்லாத மானாவாரிக் காடு அது; பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் பூமி. இத்தகைய வெட்டவெளியில் ஒலி நெடுந்தொலைவு செல்லும். எனவே செய்தியைக் காதால் பெறுவது இப்பகுதி மக்களின் பழைய வழக்கம். பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மன், திருச்செந்தூரில் உச்சிக்காலப் பூசை முடிந்ததை அறிந்த பின்னரே உணவு கொள்வார் என்றும், அதற்கென வழிநெடுக மண்டபங்கள் கட்டி மணிகள் தொங்கவிட்டிருந்தார் என்றும், ஒரு மண்டபத்து மணியோசை கேட்டதும் அடுத்த மண்டபத்தார் தம் மணியை அடிப்பர் என்றும் இங்கே செவிவழிச் செய்தி வழங்குகிறது. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். 1876இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை போடப்பட்டது. ரயிலின் கூவல் கரிசலில் கேட்கத் தொடங்கியது. நூற்பாலைகள் வந்தபின் ஆலைச் சங்கே கோவில்பட்டிக்குக் கடிகாரமாயிற்று.

இந்த வரிசையில் இப்போது வந்திருக்கும் சாதனத்துக்குப் பேஜிங் கன்ட்ரோலர் என்று பெயர். ஓரிடத்தில் அமர்ந்து பேசுபவரின் குரலை, வலையமைப்பின் வழியே பல கட்டடங்களில் உள்ள ஒலிபெருக்கிகளுக்கு வேண்டியவாறு பிரித்தனுப்பும் பெட்டி அது. ரயில் நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் பயன்படும் இத்தகைய அமைப்பு பள்ளிவாசல்களுக்கும் வருகிறது. வந்தவுடன் எழும் கேள்வி ஒன்றுண்டு: ஒரு குரலை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்ப முடியுமென்றால், பள்ளிக்கொரு மோதினார் எதற்கு? விடை கூறுமுன், குரலைத் தொலைவுக்கு எட்டச் செய்வதில் நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது நலம்.

மதீனாவில் தொழுகைக்கு மக்களை அழைப்பது எவ்வாறு என்ற ஆலோசனை நடந்தபோது கொம்பு ஊதலாம், மணி அடிக்கலாம் என்றெல்லாம் கருத்துகள் கூறப்பட்டன. இறுதியில் நிலைபெற்றது மனிதக் குரலே. பாங்கின் வாசகங்களைக் கனவில் கேட்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்கள். எனினும் அதை பிலால் (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பிலாலின் குரல் இன்னும் ஓங்கிச் செல்லக்கூடியது என்பதே அதற்குக் காரணம். பள்ளிக்கு அருகே இருந்த, பனூ நஜ்ஜார் கோத்திரத்துப் பெண்மணி ஒருவரின் வீடு உயரமானது. அதன் கூரையில் ஏறியே பிலால் (ரலி) சுப்ஹு பாங்கு சொல்வார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. தகுந்த குரல், உயரமான இடம் என்னும் இவ்விரண்டும் அன்றே கவனிக்கப்பட்டன.

ஊர் பெருத்தபோது ஏற்பாடும் விரிந்தது. உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் மதீனாவின் மக்கள்தொகை பெருகவே, கடைவீதிப் பகுதியான ஸவ்ராவில் ஜும்ஆவுக்கென மற்றோர் அழைப்பு ஏற்படுத்தப்பட்டது. ஹிஜ்ரி 53இல் (கி.பி. 673) எகிப்தின் ஆளுநர் மஸ்லமா இப்னு முகல்லத், புஸ்தாத் நகரின் அம்ரு பள்ளிவாசலுக்கு நான்கு மூலைகளிலும் கோபுரங்கள் எழுப்பினார். இரவுப் பாங்கைப் பெரிய பள்ளியின் முஅத்தின்கள் முதலில் சொல்லி முடிக்க வேண்டும். அவர்கள் முடித்ததும் நகரின் எல்லாப் பள்ளிகளின் முஅத்தின்களும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். அப்போது நகரமே பேரொலியால் அதிர்ந்தது என்று மக்ரீஸி எழுதுகிறார். இந்த நகரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இன்றைய கெய்ரோவின் ஒரு பகுதி அது.

பாங்கு மட்டுமன்று. ஹுனைன் போரில் கலைந்த படையைத் திரும்ப அழைக்க, உரத்த குரலுடைய அப்பாஸ் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் பயன்படுத்தினார்கள். விடைபெறும் ஹஜ்ஜில் அரபாத் வெளியில் அவர்கள் ஆற்றிய உரையை ரபீஆ இப்னு உமையா வாக்கியம் வாக்கியமாக உரத்துச் சொல்லிக் கூட்டத்துக்கு எட்டச் செய்தார் என்பது இப்னு இஸ்ஹாக்கின் கூற்று. இறுதி நோயின்போது நாயகம் (ஸல்) அவர்கள் அமர்ந்து தொழுவித்தார்கள். அவர்களின் தக்பீரை அபூபக்ர் (ரலி) அவர்கள் மக்களுக்குக் கேட்கச் செய்தார்கள். இமாமின் தக்பீரை எடுத்துச் சொல்லும் முகப்பிர் என்னும் பதவிக்கு இதுவே ஆதாரம். நவீன ஒலிபெருக்கிகள் நிறைந்த மக்கா ஹரமில்கூட இன்றும் முஅத்தின்கள் இமாமைத் தொடர்ந்து தக்பீர் சொல்லி வருகிறார்கள்.

இக்கலை உச்சம் எய்தியது பக்தாதின் ஹதீஸ் சபைகளில். முஹத்திஸ் அமர்ந்து சொல்வார்; முஸ்தம்லி என்பவர் எழுந்து நின்று அதை உரத்துச் சொல்வார்; மாணவர் எழுதுவர். ஹிஜ்ரி 292இல் மறைந்த அபூமுஸ்லிம் அல்கஜ்ஜீ அவர்கள் பக்தாதின் ரஹ்பத் கஸ்ஸான் திடலில் சபை நடத்தியபோது ஏழு முஸ்தம்லிகள் நின்றார்கள். ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவருக்குக் குரலைக் கொண்டுசேர்த்தார்கள். மக்கள் மைக்கூட்டைக் கையிலேந்தி நின்றபடியே எழுதினர். பின்னர் திடலை அளந்து கணக்கிட்டதில், வெறுமனே கேட்க வந்தவர் நீங்கலாக, மைக்கூடு வைத்திருந்தோர் மட்டும் 40,000க்கும் மேல் என்று கதீப் அல்பக்தாதி பதிவு செய்கிறார். எண்ணிக்கையில் சற்று மிகை இருக்கலாம் என்று கொண்டாலும், ஏழு மனிதர்களின் தொடரைக் கொண்டு ஒரு திடல் முழுவதும் ஒரே வாசகம் எழுதப்பட்டது வியப்புக்குரியது.

முஸ்தம்லிக்குக் குரல் மட்டும் போதாது. ஸம்ஆனீ (மறைவு ஹிஜ்ரி 562) இதற்கென்றே தனி நூல் இயற்றினார். முஸ்தம்லி உயரமான இடத்தில் நிற்க வேண்டும், விழிப்புடையவராக இருக்க வேண்டும், ஆசிரியரின் சொல்லை மாற்றாது சேர்க்க வேண்டும் என்பன போன்ற ஒழுங்குகள் அங்கே வகுக்கப்பட்டன. இந்த ஒழுங்குக்குக் காரணம் உண்டு. யஸீத் இப்னு ஹாரூன் அவர்கள் ஒருமுறை, பலர் எனக்கு அறிவித்தார்கள் என்ற பொருளில் ‘இத்தா’ என்றாராம். முஸ்தம்லியோ அதை ஓர் ஆளின் பெயரென்று எண்ணி, யாருடைய மகன் இத்தா என்று கேட்டுவிட்டார். ஆசிரியர் அவரைக் கடிந்துகொண்ட செய்தியை மதரஸாக்களில் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நடுவில் நிற்பவர் தவறினால் அவருக்குப் பின்னுள்ள ஆயிரம் ஏடுகளிலும் அத்தவறு ஏறிவிடும்.

நம் தமிழகப் பள்ளிகளில் பாங்குக்கு முன் நகரா முழங்கும் வழக்கம் இருந்தது. ரமளானில் தப்ஸ் கொட்டி ஸஹருக்கு எழுப்பிய பக்கீர்மார்களும் இருந்தார்கள். பிறகு மின்சாரம் வந்தது. 1915 டிசம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜென்சன், பிரிதம் என்னும் இருவர் ஒலிபெருக்கியைப் பெருங்கூட்டத்தின் முன் இயக்கிக் காட்டினர். 1930 ஏப்ரல் 1இல் சென்னை மாநகராட்சி வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. அதைக் கேட்கக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் நிறுத்தப்பட்டன. ஒரு மையத்திலிருந்து பல இடங்களுக்குக் குரல் செல்லும் அமைப்பைத் தமிழகம் அப்போதே கண்டுவிட்டது. 1963 டிசம்பரில் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கிய காலத்தில் கரிசல் கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் கூடும். மைக் செட்டும் குழாயும் இல்லாமல் கல்யாணமோ கந்தூரியோ நடக்காது என்ற நிலையும் வந்தது. புளியமரத்து உச்சியில் கட்டிய குழாயிலிருந்து நாகூர் ஹனிபாவின் குரல் மூன்று ஊர்களுக்குக் கேட்கும். (அவருக்குக் குழாயே தேவையில்லை என்பாரும் உண்டு.)

பள்ளிவாசலில் இது எளிதாக நுழைந்துவிடவில்லை. 1936இல் சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி பொருத்தப்பட்டது. இந்தியாவிலோ ஆலிம்கள் ஒரு நுட்பமான வினாவை எழுப்பினர்: ஒலிபெருக்கியில் கேட்பது இமாமின் குரல்தானா, அல்லது எதிரொலி போன்ற வேறொன்றா? எதிரொலியில் ஸஜ்தா வசனத்தைக் கேட்டவர் மீது ஸஜ்தா கடமையாகாது என்பது ஹனபி சட்டம். ஆகவே எதிரொலியைக் கேட்டு ருகூஉ செய்பவரின் தொழுகை என்னவாகும்? மௌலானா அஷ்ரப் அலீ தானவீ (மறைவு 1943) தொழுகையில் இதைத் தவிர்க்கச் சொன்னார். முப்தி முஹம்மது ஷபீஃ (மறைவு 1976) விஞ்ஞானம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்து, பின்னர் அனுமதியின் பக்கம் வந்தார். இன்று சிலர் இந்த விவாதத்தை எள்ளி நகையாடுகின்றனர். அது தவறு. நடுவில் நிற்பது எதுவாயினும் அதன் நம்பகத்தன்மையை ஆராயாமல் விடாத முஸ்தம்லி மரபே அங்கும் பேசியது.

பின்னர் வந்த சிக்கல் சட்டத்தினுடையது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரையறுத்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அதே ஆண்டு ஆகஸ்டில், சென்னையில் ஒரு கிறித்தவ சபை தொடர்பான வழக்கில், அண்டை வீட்டாரின் அமைதியைக் கெடுத்து வழிபட எந்த மதமும் கட்டளையிடவில்லை என்ற கருத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாங்கு இஸ்லாத்தின் இன்றியமையாத பகுதியே, ஆயின் ஒலிபெருக்கி அத்தகையதன்று என்று 2020 மே மாதம் அலகாபாத் உயர்நீதிமன்றம் கூறியது. பிலால் (ரலி) அவர்களிடம் ஒலிபெருக்கி இல்லாததால் நாம் இதை மறுக்க இயலாது. ஆனால் நம் பகுதியில் சுப்ஹு பாங்கு ஆண்டு முழுவதும் 6 மணிக்கு முன்பே வருகிறது என்பதும் உண்மை.

இதற்கு உலகம் கண்ட வழிகள் பல. சிங்கப்பூரில் 1970களில் ஒலிபெருக்கிகள் பள்ளியின் உட்புறம் திருப்பப்பட்டு, பாங்கு வானொலி வழியே வீடுகளுக்குச் சென்றது. துருக்கியின் பல நகரங்களில் ஒரு பள்ளியின் பாங்கு மற்றப் பள்ளிகளுக்கு அஞ்சலாகிறது. கெய்ரோவில் 2010 ரமளானில் ஒருங்கிணைந்த பாங்குத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு முஅத்தினின் குரலை வானொலி அலை வழியே பல பள்ளிகளின் ஒலிபெருக்கிகளுக்கு அனுப்புவது அதன் நோக்கம். வெவ்வேறு நொடிகளில் தொடங்கும் பாங்குகள் குழப்பம் விளைவிக்கின்றன என்பதே கூறப்பட்ட காரணம். அந்தக் குழப்பத்தை அதே மண்ணில் 673இல் மஸ்லமா தீர்த்த விதத்தை மேலே கண்டோம். அவர் எல்லா முஅத்தின்களையும் வைத்துக்கொண்டு நேரத்தை ஒழுங்கு செய்தார். 2010இன் திட்டமோ நேரத்தை ஒழுங்கு செய்ய முஅத்தின்களை அமைதியாக்கியது. இரண்டும் ஒருமைதான், ஆனால் ஒன்றில் நூறு பேருக்குப் பணி உண்டு, மற்றதில் ஒருவருக்கே உண்டு.

நமக்கு அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. 2025இல் மும்பையில் ஒலிபெருக்கிகள் மீது நடவடிக்கை வந்தபோது, மாஹிம் ஜும்ஆ பள்ளி உட்படச் சில பள்ளிகள் கைப்பேசியில் பாங்கை நேரடியாகக் கேட்கச் செய்யும் செயலியில் சேர்ந்தன. அதை உருவாக்கியது திருநெல்வேலியைச் சேர்ந்த நிறுவனம். இதில் போற்றத்தக்கது, மஹல்லாவாசிகள் தம் பள்ளி மோதினாரின் குரலையே அந்த நொடியில் கேட்கிறார்கள் என்பது. ஒலிப்பதிவுக்கு அத்தகுதி இல்லை. ஹிஜ்ரி 1406 ரஜபில் (1986) மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை, ஒலிநாடாவில் பதிந்த பாங்கை ஒலிக்கவிடுவது போதுமாகாது என்றும், பள்ளிதோறும் பாங்கு சொல்பவர் வேண்டும் என்றும் முடிவு செய்தது.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். பழைய முறையில் ஒரு பெருக்கியிலிருந்து புறப்படும் கம்பியில் எல்லாக் குழாய்களும் கட்டப்படும். அனைத்தும் ஒன்றையே பேசும். புதிய முறையில் ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் வீட்டு எண்ணைப் போல ஒரு முகவரி உண்டு. உள்பள்ளி, ஹவுள், பெண்கள் பகுதி, மதரஸா வகுப்புகள், வெளிமினாரா என்று தனித்தனி வட்டாரங்களாகப் பிரிக்கலாம். பாங்கு எல்லா வட்டாரங்களுக்கும் செல்லும். குத்பா உள்ளே மட்டும். ஜனாஸா அறிவிப்பு பகலில் வெளியே செல்லும். இரவு 10 முதல் காலை 6 வரை வெளிவட்டாரம் தானே மூடிக்கொள்ளுமாறு நேரம் குறிக்கலாம். தீ போன்ற அவசர அறிவிப்புக்கு முதலிடம் கொடுத்தால், மற்றதெல்லாம் வழிவிடும்.

இதில் அண்டை வீட்டாருக்கு ஒரு பெரும் நன்மை உண்டு. திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும். 200 மீட்டருக்கு அப்பால் 60 டெசிபல் எட்ட வேண்டுமானால், குழாயின் முன் ஒரு மீட்டரில் 106 டெசிபல் வேண்டும்; 10 மீட்டரில் குடியிருப்பவர் 86 டெசிபலைத் தாங்கியாக வேண்டும். அதையே 10 மீட்டருக்கு மட்டும் பேசும் சிறு ஒலிபெருக்கிகளாகப் பிரித்து வைத்தால், ஒரு மீட்டரில் 80 போதும். ஆனால் பிரித்து வைத்தால் காலத்தைச் சீர் செய்ய வேண்டும். மின்குறி கணத்தில் செல்கிறது. ஒலியோ காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். முதல் ஒலிபெருக்கியிலிருந்து 34 மீட்டர் தள்ளியிருப்பதை நொடியில் பத்திலொரு பங்கு தாமதமாகப் பேசவைக்காவிட்டால், ஒரே சொல் இருமுறை காதில் விழும். பக்தாதின் ஏழு முஸ்தம்லிகள் ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்கியது இக்கணக்கை அறிந்தல்ல, காதால் அறிந்து.

பொருத்துவோர் பலர் விட்டுவிடும் இரண்டைக் கூறவேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் கடவுச்சொல்லை அப்படியே வைத்திருந்தால், வலையமைப்பில் நுழையத் தெரிந்த எவரும் பள்ளியின் மினாராவிலிருந்து பேசிவிடலாம். மதக் கலவரம் மூட்ட ஒரு வாக்கியம் போதும். கடவுச்சொல்லை மாற்றி, அதை அறிந்தவர் இருவர் மூவர் என்று ஜமாஅத் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். அலுவலக இணையத்தோடு அதைப் பிணைக்கவும் கூடாது. மற்றது, ஒலிவாங்கியின் இடம். அது நிர்வாக அறையில் பூட்டியிருக்கக் கூடாது. மிஹ்ராபுக்கு அருகே மோதினார் நிற்குமிடத்தில் இருக்க வேண்டும்.

மின்தடை கரிசல் ஊர்களுக்குப் புதிதன்று. ஜும்ஆவின் இரண்டாம் ரக்அத்தில் மின்சாரம் நின்றால், மின்கலம் தாங்கும்வரை தாங்கும். அதுவும் கைவிட்டால் மாடியில் தொழுவோர் இமாமை இழந்துவிடுவர். ஆகவே ஒலிபெருக்கிகளின் இடங்களைக் குறித்த அதே வரைபடத்தில், மாடிப்படியின் தலைமாட்டில் ஒரு முகப்பிர் நிற்குமிடத்தையும் குறித்து, ஒவ்வொரு வெள்ளியும் அங்கே நிற்கப்போவது யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.